இதையும் எழுதுறியா?

என் ஆய்வு ஓர் இணைய விளையாட்டு உலகத்தைப் பற்றியது. அதற்குள் நானும் ஓர் ஆளாக வாழ்ந்து, எனக்கு நடப்பதையும் நான் உணர்வதையும் எழுத வேண்டும். எங்கள் ஊர் எத்தாளையில், வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தபடிதான் இந்த வாழ்க்கை.

அங்கே எனக்கொரு சிநேகிதி கிடைத்தாள். பெயர் வேண்டாம். நேரில் கண்டதில்லை. நான் ஆய்வுக்காக எழுதுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்று பின்னேரம் இருவரும் அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று, யாரிடமும் சொல்லாத ஒரு துயரத்தை என்னிடம் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் என் விரல்கள் பழக்கதோஷத்தில் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டன.

மைக் வழியே தட்டச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"இதையும் எழுதுறியா?"

"இல்லடி."

"பொய் சொல்லாத."

"எழுதினேன்தான். இப்ப அழிச்சிட்டேன்."

"சரி, நாளைக்குக் கதைப்பம்" என்றாள். போய்விட்டாள். பாதி கட்டிய வீட்டில் நான் மட்டும் நின்றேன்.

உம்மா எட்டிப் பார்த்தார். "ஏன் புள்ள அழுற? கேம்ல தோத்துட்டியா?"

"ஓம் உம்மா."

இந்த வாரம் என்ன நடந்தது என்று என் ஆய்வு மேற்பார்வையாளர் கேட்பார். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லப்போகிறேன். ஆய்வு செய்கிறவர்களே, சிநேகிதியாக மட்டும் இருக்க லீவு எங்கே கேட்பது?