பெட்டி ஏற்றும்வரை

காலை ஆறேகாலுக்கு வவுனியாவிலிருந்து பஸ் புறப்பட்டது. கிளிநொச்சிவரை ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். வாக்களிப்பு நாள், நிற்கவும் இடமில்லை. வவுனியாவில் ஒரு கடையில் நான் கணக்கெழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இருந்தாலும் என் வாக்கு இன்னும் ஸ்கந்தபுரத்தில்தான். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஓமந்தை கடக்கையில் அம்மா கைபேசியில் அழைத்தார்.

"எங்க புள்ள நிக்கிற?"

"ஓமந்தையம்மா. வெயிலுக்கு முதல் நீங்கள் போய்ப் போட்டிட்டு வாங்கோவன்."

"நீ வராம நான் போகமாட்டன். போன தடவை பட்டது போதும்."

அம்மா பிறந்தது மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். இனக்கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு, கைக்குழந்தையாக வன்னிக்கு வந்தவர். நெடுங்காலம் எங்கள் ஆட்களுக்கு நாடும் இல்லை, வாக்கும் இல்லை. அப்பா எல்லாக் கட்சிச் சின்னங்களையும் மனப்பாடமாகச் சொல்வார். ஒருமுறைகூட வாக்களிக்காமலே, குடியுரிமைப் பத்திரம் வருமுன் இறந்துபோனார்.

பத்திரம் கிடைத்து அம்மா முதன்முறை வாக்களிக்கப் போனார். அங்கே சுண்டுவிரலில் மை பூசினார்கள். கூலிக்கும் நிவாரண அரிசிக்கும் கைநாட்டு வைத்தே பழகியவர், மை காயுமுன் அந்த விரலையே சின்னத்தின்மேல் அழுத்திவிட்டார். "வடிவா அழுத்தி வச்சனான்" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னார். அது செல்லாது என்று சொல்லவேண்டியவளும் நானானேன். அன்று அம்மா சாப்பிடவில்லை. எண்ணிக்கையில் சேருகிற ஒரு வாக்கைப் போடவேண்டும் என்ற ஏக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

ஒன்பது மணிக்குக் கிளிநொச்சி. ஸ்கந்தபுரம் பஸ்ஸைக் காணவில்லை; ஆட்டோ பிடித்தேன். ஆயிரத்து எண்ணூறு ரூபா.

"ஆருக்கு அக்கா போடப் போறியள்?" என்றார் சாரதி.

"பெட்டிக்குத்தான்."

"சரிதான். வாக்கு வாங்கி வெண்டவையும் பிறகு வாயைத் திறக்கிறேல்லை, பெட்டி மாதிரித்தான்."

அம்மா தலைவாரி, நீலச் சேலையோடு படலையில் நின்றார். குசினிச் சுவர் முழுக்க அடுப்புக் கரியால் கீறிய புள்ளடிகள், வாக்குச்சீட்டில் போடுகிற பெருக்கல் குறிகள். சில சாய்ந்திருந்தன, சில பெரிதாகி அடுத்ததில் முட்டின.

"சின்னத்துக்குப் பக்கத்தில இருக்கிற பெட்டிக்கு வெளியால கோடு போகக்கூடாது அம்மா."

"தெரியும். ஒரு மாசமாக் கீறுறன்."

வாக்குச்சாவடியில் அம்மா எனக்கு முன்னால் நின்றார். அலுவலர் அவருடைய பெயரை உரத்து வாசித்தார். மை பூசிய விரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி மறைப்புக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. பின்னால் யாரோ, "அங்க என்ன, சமைக்கிறாவோ?" என்றார். வரிசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கையைப் பிடிக்க எனக்கு உரிமையில்லை.

கடைசியில் அம்மா வந்து, மடித்த சீட்டைப் பெட்டிக்குள் இட்டார்.

நானும் போட்டு வெளியே வந்ததும் கேட்டேன். "புள்ளடி சரியோ?"

"சரி. ரெண்டு கோடும் பெட்டிக்குள்ளதான்."

"ஆருக்கு?"

"அதைக் கேக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன!"

மூன்று மணி பஸ்ஸுக்கு நான் திரும்பவேண்டும். அம்மா வீட்டுக்கு வர மறுத்தார். எண்ணக் கொண்டுபோகப் பெட்டி ஏற்றுவதைப் பார்க்கவேண்டுமாம். பொலிஸ்காரர் தள்ளிப் போகச் சொன்னதால் தெருவோர மதகில் போய் இருந்தோம். மூன்று மணி பஸ் எங்களைக் கடந்து போனது.

"அந்த மனுசனையும் ஒருக்கா உள்ள அனுப்பிப் பார்த்திருக்கலாம்" என்றார் அம்மா, தெருவைப் பார்த்தபடி. எனக்கும் அப்பாவின் நினைப்புத்தான்.

நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. நெடுநேரம் கழித்து, பொலிஸ் காவலுடன் பெட்டி ஏற்றிய வான் ஒன்று கிளிநொச்சிக்குப் போக எங்கள் பக்கமாக வந்தது. அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்தார். புழுதி எங்கள்மேல் படிந்தது.

"போகுது பார் புள்ள," என்றார். "அதுக்குள்ள நானும் இருக்கன்."