ஒரே மூக்குக்கு அளவெடுத்த மருந்து

ஆய்வகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் மூக்கு மாஸ்டர். காற்றில் வரும் சளிக்காய்ச்சல் கிருமியை மூக்கிலேயே மடக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரே மருந்து அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் மூக்கு ஒன்றின் உள்ளே வெள்ளைப் பசை தடவி, மருந்தைப் பீய்ச்சி, மூக்கை இரண்டாகப் பிரித்து, ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஈரம் பட்டால் பசை சிவக்கும். பின்பக்கம்வரை சிவந்தால் தேர்ச்சி. நாளைக்கு நாற்பது தடவை, ஆறு வருடம்.

அந்த மூக்கு ஆய்வக இயக்குநரின் தலையை ஸ்கேன் எடுத்து வார்த்தது. வெளியாட்களின் தலையை ஸ்கேன் எடுக்க அனுமதி வேண்டும், படிவம் வேண்டும். "என் மூக்கு இருக்கும்போது ஊர்ல உள்ளவன் மூக்கெல்லாம் எதுக்குய்யா?" என்று அவர் பெருந்தன்மையோடு தன் தலையை நீட்டிவிட்டார். லேசுப்பட்ட மூக்கா அது! அவர் அறைக்குள் வருமுன் அது வந்துவிடும். குழாயின் வளைவு, துளையின் அளவு, பீய்ச்சும் வேகம் எல்லாவற்றையும் அந்த விசாலத்துக்கே பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை தேர்ச்சி வந்தது. ஆய்வகமே தலைகால் புரியாமல் ஆடியது. உலகத்தில் வேறு மூக்குகளும் உண்டு என்பது இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டருக்கும்தான்.

மாஸ்டரின் மனைவி நுரையீரல் வார்டில் நர்ஸ். போன குளிர்காலத்தில் நோயாளியிடமிருந்து தொற்றிக்கொண்டு, ஒன்பது நாள் ஆக்சிஜனோடு அதே வார்டில் கிடந்தாள். அந்த ஒன்பது நாளும் மாஸ்டர் செத்துப் பிழைத்தார். இப்போது மருந்தின் முதல் சோதனையும் அதே வார்டில்தான். நர்ஸ்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மருந்தை மட்டும் நம்பி வேலை பார்க்க வேண்டுமாம். அப்போதுதான் அதன் பெருமை தெரியும் என்றார் இயக்குநர்.

தொடக்கவிழாவுக்கு நான்கு நாள் முன்பு, மாஸ்டர் ஒரு குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி கண்ணாடி முன் நின்று அமுக்கினாள். மருந்து போன வேகத்தில் திரும்பி வந்து மேலுதட்டில் வழிந்தது. மறுபடி அமுக்கினாள், காலரில் சொட்டியது.

"ஏங்க, இது மூக்குக்கா மீசைக்கா? எனக்கு மீசை இல்லையே!"

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல்முறையாக அவளுடைய சின்ன மூக்கை உற்றுப் பார்த்தார்.

மறுநாளே இயக்குநரிடம் போய் நின்றார். "சார், நாம ஒரே ஒரு மூக்குலதான் பார்த்திருக்கோம்..."

"ஏன், என் மூக்குக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல சார். அதான் பிரச்சினையே."

"அப்ப உன் வீட்டுக்காரி மூக்குலதான் கோளாறு. போய் வேலையைப் பாரு."

மாஸ்டர் வேலையைத்தான் பார்த்தார். மனைவி வார்டில் கிடந்தபோது மூக்கு, தலையெல்லாம் சேர்த்து எடுத்த ஸ்கேன் சி.டி. வீட்டு அலமாரியில் இருந்தது. அதைக் கொண்டுபோய், ஆய்வக எந்திரத்தில் புதிதாக ஒரு மூக்கை வார்த்தெடுத்தார்.

விழா நாள். வார்டின் நடுவே மேசை, எதிரே தலைமை மருத்துவர், சுவரோரம் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டு நின்ற இருபது நர்ஸ்கள். செய்து காட்ட வேண்டியவர் மாஸ்டர். அவர் பையிலிருந்து புது மூக்கை எடுத்து வைத்துப் பீய்ச்சினார். மருந்து மேசைவிரிப்பில் ஒழுகியது. மூக்கைப் பிரித்துக் காட்டினார். பின்பக்கம் வெள்ளைவெளேர் என்றிருந்தது.

"யாரோட மூக்கு இது?" என்றார் தலைமை மருத்துவர்.

"என் வீட்டுக்காரியோடது மேடம். அதோ, அந்த வரிசையில நிக்கிறா."

அவர் மனைவி மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளும் ஏற்றினாள். வரிசை முழுக்க ஏறியது.

இயக்குநர் அசரவில்லை. "ஒரு மூக்கு போதாதுன்னு நான் அப்பவே சொன்னேன். ஆனா மருந்து நல்ல மருந்து, அதுல சந்தேகமே வேண்டாம்."

"அப்படின்னா நீங்களே அடிச்சுக்கிட்டு ரெண்டு நாள் எங்களோட டியூட்டி பாருங்க சார்," என்றாள் மாஸ்டரின் மனைவி. "உங்களுக்குத்தான் அளவெடுத்துத் தைச்சிருக்கே."

கடைசிக் கட்டிலில் யாரோ இருமினார்கள். இயக்குநர் அவசரமாகப் பாக்கெட்டைத் துழாவி, ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்.