டேக் போட்ட திருஷ்டி பொம்மை

போன ஞாயிறு காலை, பெங்களூரிலிருந்து அக்கா மகள் ஒரு ரீல் அனுப்பினாள். கூடவே ஒரு கேள்வி. "மாமா, இது உங்க ஏரியாவாமே! இன்னும் பார்க்கலையா?"

பாதி கட்டிய ஒரு வீடு. பூசாத சுவர், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். முன்னால் ஒரு திருஷ்டி பொம்மை. வழக்கமான கோரைப்பல் பூதம் இல்லை - கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, இன் பண்ணிய பேன்ட், கழுத்தில் கம்பெனி டேக். அந்த டேக்கில் கார்டு மட்டும் இல்லை... வெறும் கயிறு. அதனால், வேலை போன ஆளாம் என்று 'லே-ஆஃப் அண்ணாச்சி' எனப் பெயர் வைத்துவிட்டார்கள். கமெண்ட் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஞாயிறென்றால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. பக்கத்திலிருக்கும் குன்றத்தூர் மலைக்குப் போக வருடக்கணக்காக நேரமில்லாதவன், ஒரு பொம்மையைப் பார்க்க அடுத்த நிமிடமே ஸ்கூட்டரை எடுத்தேன். இப்போதெல்லாம் ஊர் பார்ப்பது என்றால் என்ன? போனில் பார்த்ததை நேரில் போய், மறுபடியும் போனிலேயே பார்ப்பதுதானே!

தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு உள் தெரு. ஒரே கூட்டம். நடுவில் லுங்கி கட்டிய ஒருவர், ஹோஸ் பைப்பால் வாசல் புழுதிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கொஞ்சம் ஓரமா போங்கண்ணா... ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு வ்லாகர்.

அவரும் நகர்ந்து நின்றார். நான் பக்கத்தில் போய், "வாட்ச்மேனா நீங்க?" என்றேன்.

"ஓனர் சார். ஜெபராஜ்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல சார். மேஸ்திரிதான் பொம்மை வெச்சே ஆகணும்னாரு. அப்பதான் வேலை போச்சு. கடுப்புல சட்டை, பேன்ட், டேக் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன். கார்டை ஆபீஸ்லயே வாங்கிக்கிட்டாங்க. கயிறுதான் மிச்சம்."

அதோடு வீட்டு வேலையும் நின்றுவிட்டது. மனைவிக்குத் தெரியும். நாகர்கோவிலில் இருக்கும் மாமனாருக்கு மட்டும் சொல்லவில்லை. ரீல் சொல்லிவிட்டது.

"நேத்து போன் பண்ணாரு. 'மாப்ள, அது நான் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் குடுத்த சட்டையில்லா?'ன்னாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். 'டிரெயின் ஏறுதேன்'னு மட்டும் சொல்லிட்டு போனை வெச்சிட்டாரு. இன்னைக்கு சாயங்காலம் தாம்பரத்துல இறங்குறாரு."

ஊர்க்கண்ணை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்வதுதானே திருஷ்டி பொம்மையின் வேலை? லட்சக்கணக்கில் வியூஸ்... ஒவ்வொன்றும் ஒரு கண். பொம்மை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. கண் பட்டது என்னவோ இவர்மேல்!

ஜெபராஜ் குழாயை மூடினார். நேராகப் போய் பொம்மையின் சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார்.

எதிர் டீக்கடைக்காரர் பதறிப்போனார். "இன்னா சார் பண்றே? சண்டேன்னா ஜே ஜேன்னு கீது... பொம்மைய அவுத்துட்டா எவன் வருவான்?"

"அண்ணா, ஒரே ஒரு ஷாட்ணா!" என்று ஓடிவந்தார் வ்லாகர்.

"அது அவரோட சட்டைப்பா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. வ்லாகர் பொம்மையைப் பார்த்தார், ஜெபராஜைப் பார்த்தார், போனை இறக்கினார். கூட்டம் மெல்லக் கலைந்தது.

ஜெபராஜ் சட்டையை உதறினார். வைக்கோல் தூசி பறந்தது. வெயில் பட்ட பக்கம் வெளுத்திருந்தது.

"துவைச்சு அயர்ன் பண்ணா போட்டுக்கலாம்ல சார்? மாமா எடுத்துக் குடுத்தது... ஸ்டேஷனுக்கு இதைப் போட்டுக்கிட்டுதான் போகணும்."

"தாராளமா" என்றேன். அந்த மாமனார் திட்ட வருகிறாரா, தோளில் தட்டிக்கொடுக்க வருகிறாரா?

வண்டியை எடுக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

"சார், இங்க என்னமோ பார்க்க இருக்காமே?"

"வீடு இருக்கு."

"வெறும் வீடுதானா!" உதட்டைப் பிதுக்கிவிட்டுக் காரைத் திருப்பினார் அவர்.

அந்த வெறும் வீட்டைப் பார்க்க வருகிற ஒரே மனிதர், அந்நேரம் ரயிலில் வந்துகொண்டிருந்தார்.