ஃபயாஸ் கட்டாத கட்டடம்

போன மாதம் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் என் தம்பி ஃபயாஸைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தார்கள். மட்டாஞ்சேரிச் சந்திலிருந்து கிளம்பி ஏழு பெரிய மால்களை வரைந்த ஆர்க்கிடெக்ட் என்று தலைப்பு. கறுப்புச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு, எஸ்கலேட்டருக்கு முன்னால் நிற்கிறான். எழுதியவர் நல்ல மனுஷர் போலிருக்கிறது, அவன் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிவிட்டார். நான் அவனுடைய அக்கா. பெயர் சுல்ஃபத். பத்திரிகையில் விட்டுப்போனதை நான் சொல்கிறேன்.

எங்கள் அத்தா முகமது இஸ்மாயில் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்கு மண்டியில் எடை போடுகிறவர். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். அத்தா மௌத்தானபோது எனக்குப் பத்தொன்பது வயது, ஃபயாஸுக்குப் பன்னிரண்டு. நான் படகேறி எர்ணாகுளம் போய், பிராட்வேயில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான். காலை ஒன்பதரை முதல் ராத்திரி எட்டு வரை, இருபத்தேழு வருஷம். அந்தக் கடையில் உட்கார உரிமை இருந்தது புடவைக்கும் முதலாளிக்கும்தான்.

நிற்பதுகூடப் பழகிவிடும். பழகாத காரியம் ஒன்று உண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டே எங்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கடையில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. தெரு திரும்பி ஒரு லாட்ஜுக்குப் போக வேண்டும். அங்கே வாசலில் இருப்பவன் பார்க்கிற பார்வைக்கு, போகாமலே இருந்துவிடலாம் என்று தோன்றும். அதனால் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். என்னோடு நின்ற அம்மிணி காலையில் ஒரு சாயா குடித்தால் அதோடு சரி, வீட்டுக்குப் போய்த்தான் அடுத்த வாய் தண்ணீர்.

ஃபயாஸ் ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு நாள் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தான். என் கால் அப்போது தூண் மாதிரி வீங்கியிருந்தது. அவன் அதைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னான்.

"அக்கா, பரீட்சைக்கு நான் பிராட்வேக்கு ஒரு கட்டடம் வரையப் போறேன். நிக்கற பொண்ணுங்களுக்கு மாடிக்கு மாடி ஒரு முறி, சின்னதா ஒரு ரூம். கக்கூஸ், சாஞ்சுக்க ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணி. நீ எனக்குக் கணக்கு எடுத்துத் தரணும்."

எடுத்துக் கொடுத்தேன். மூன்று கடைகளில் பன்னிரண்டு பெண்கள். ஒரு கடைக்குப் பின்னாலேயே கக்கூஸ் இருந்தது, அறுபது காலடி. இன்னொன்றுக்கு இருநூறு. எங்களுக்கு நானூறுக்கு மேல். யார் யார் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறார்கள், யாருக்கு எரிச்சல், யாருக்குக் காய்ச்சல் என்று மூன்று மாதம் காலண்டர்த் தாள்களின் பின்பக்கம் எழுதினேன். இதையெல்லாம் ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமா? அம்மிணி முதலில் என்னைத் திட்டினாள். பிறகு, "உன் தம்பி கட்டுவானில்ல, அப்போ எழுதிக்கோ," என்றாள். அறுபது காலடிக்காரிகள் நாலு தடவை போனார்கள். இருநூறுக்காரிகள் இரண்டு தடவை. நாங்கள் ஒரே ஒரு தடவை.

அந்தப் படத்துக்கு அவனுக்குத் தங்க மெடல் கிடைத்தது. படத்தின் ஓரத்தில் எங்கள் கணக்கைக் கோடு போட்டுக் காட்டியிருந்தான். தூரம் ஏற ஏற, போகிற தடவை இறங்குகிறது, வியாதி ஏறுகிறது. அதை ஃபிரேம் போட்டு இன்றுவரை ஆபீஸ் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். பத்திரிகையில் அந்தப் படமும் வந்திருக்கிறது.

மெடல் வாங்கியவன் முதலில் கட்டியது மூன்று மாடிக் கடைக் கட்டடம். சொன்னபடி மாடிக்கு ஒரு முறி வைத்தான். நான் அம்மிணியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆறே மாதத்தில் கட்டடத்துக்காரர் மூன்றையும் மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். ஃபயாஸ் அன்றைக்கு எங்கள் வீட்டில் வந்து சாப்பிடாமல் படுத்துக் கிடந்தான். அது நிஜம், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எழுந்தவன் வேறு ஆளாக எழுந்தான். அடுத்த கட்டடத்தில் இரண்டு மாடிக்கு ஒரு முறி. அதற்கடுத்ததில் ஒன்றே ஒன்று, ஜெனரேட்டர் பக்கத்தில். முதல் மால் வந்தபோது அது கார் நிறுத்துகிற தளத்துக்குப் போய்விட்டது. ஓர் அங்குலம் வீணாக்காதவன் என்று முதலாளிகள் அவனைத் தேடி வந்தார்கள். ஒரு எஸ்கலேட்டரில் ஏறினால் அடுத்ததற்கு மாலில் பாதியைச் சுற்ற வேண்டும், வழியில் நாற்பது கடை கண்ணில் படும். அதெல்லாம் அவன் மூளைதான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவன் இரண்டு வேலையையும் ஒருவனாகவே செய்தான்.

பிராட்வே கடையை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் சும்மா இருக்க எனக்கு வராது. பைபாஸ் பக்கத்தில் ஃபயாஸ் வரைந்த மாலில், இரண்டாவது மாடிப் புடவைக் கடையில் ஆள் கேட்டார்கள். அவனிடம் சொல்லாமல் போய்ச் சேர்ந்தேன். இப்போது எட்டு வருஷமாகிறது. நிற்கிறவர்கள் உட்காரலாம் என்று சட்டமே வந்துவிட்டதால் எங்கள் கடையில் ஒரு ஸ்டூல் உண்டு. அதன்மேல் தள்ளுபடி போர்டு இருக்கிறது. மாடியிலேயே பளபளவென்று கக்கூஸ் உண்டு, அது வாங்க வருகிறவர்களுக்கு. யூனிஃபார்ம் போட்டவள் போனால் செக்யூரிட்டி தடுப்பான். எங்களுக்குள்ளது கீழே, இரண்டாவது பாதாளத் தளத்தில். எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு காலடி. இடைவேளை பத்து நிமிஷம்.

இந்த வருஷம் பக்ரீதுக்கு ஃபயாஸ் சாப்பிட வந்தான். ஆலுவா ரோட்டில் புது மால் ஒன்றை வரைந்து முடித்திருந்தான். முதலாளி யூசுப் ஹாஜியார், எங்களைப் போலவே பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். பிரியாணியை இலையில் வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"அந்தப் புது மால்லே நிக்கற பொண்ணுங்களுக்கு மாடிக்கு ஒரு முறி வை. நாலு மாடி, நாலு முறி. இத்தனை வருஷத்துலே உன்கிட்டே நான் கேக்கற ஒரே காரியம் இதுதான்."

"ஒரு முறி ஒரு கடையோட இடம் அக்கா. ஹாஜியார் சம்மதிக்க மாட்டார்."

"அவர்கிட்டே கேட்டியா?"

அவன் பிரியாணியைக் கிளறினான். "திங்கட்கிழமை கையெழுத்து. அதுக்கு முன்னாடி கேக்கறேன். நீ முதல்ல அந்த வேலையை விடு. என் அக்கா யூனிஃபார்ம் போட்டு நிக்கறாள்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா எனக்கு நாணக்கேடு."

"நான் நின்னுதானே நீ படிச்சே. அப்போ வராத நாணக்கேடு இப்போ எங்கேயிருந்துடா வந்துச்சு?"

அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டே, "கேக்கறேன், சத்தியமாக் கேக்கறேன்," என்றான். அம்மிணிக்கு இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அன்று சாயங்காலம் பாத்திரத்தில் பிரியாணி எடுத்துக்கொண்டு போய், அவளிடம் அவன் சத்தியம் செய்ததைச் சொன்னேன். அவள் மருமகளுக்குப் பிரியாணியைக் கொடுத்துவிட்டு, "நாலு மாடியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஃபயாஸ் ஹாஜியாரை எங்கள் மாலுக்கே கூட்டி வந்தான். தான் கட்டியதைக் காட்டிப் புது மால் வேலையைப் பேசி முடிக்கத்தான். எங்கள் கடை வாசலில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். நான் புடவை கட்டிய பொம்மைக்குப் பின்னால் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். பேசுவது நன்றாகக் கேட்டது.

ஹாஜியார்தான் ஆரம்பித்தார். "ஃபயாஸே, வேலை செய்யற பொண்ணுங்களுக்குக் கக்கூஸ் ஏன் அவ்வளவு கீழே வச்சிருக்கே? பாவம், மாடியிலேயே ஒண்ணு வச்சா என்ன?"

என் கை நின்றுவிட்டது. அவன் கேட்க வேண்டியதை அந்த மனுஷர் தானாகவே கேட்டுவிட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அல்லா, என் தம்பி வாயில் அந்த ஒரு வார்த்தையை வை என்று நினைத்தேன்.

"பக்கத்துலே வச்சா நாலு தடவை போவாங்க ஹாஜியாரே," என்றான் ஃபயாஸ். "நானூறு காலடி தள்ளி வச்சா ஒரே தடவைதான். கடையிலே ஆள் நிக்கும். சும்மா சொல்லலை, பிராட்வேயிலே நானே நின்னு எடுத்த கணக்கு இது."

ஹாஜியார் இன்னொரு தடவை கீழே எட்டிப் பார்த்தார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

என் விரலாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவன் அந்தக் கணக்கை மறந்துவிட்டான் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் மறக்கவே இல்லை. ஒவ்வொரு மாலிலும் அதை எடுத்துத்தான் விற்றிருக்கிறான். நான் மடித்த புடவையைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"கணக்கு எடுத்தது நான்," என்றேன்.

ஹாஜியார் திரும்பினார். "இது யாரு?"

ஃபயாஸ் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தான். "இங்கே நிக்கற சேச்சி. பழைய பரிச்சயம்," என்றான். ஹாஜியாரின் முழங்கையைப் பிடித்து எஸ்கலேட்டர் பக்கம் நடத்திக்கொண்டு போனான். எனக்குப் பின்னால் சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய், போட்டுவிட்டு வந்த புடவையை எடுத்து மறுபடி மடித்தேன்.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. அவன் ஆபீஸுக்கு நான் போய்ச் சேரும்போது கையெழுத்து முடிந்திருந்தது. மேஜையில் லட்டுப் பெட்டி இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த ஃபிரேமைக் கழற்றினேன்.

"அக்கா, அது என் மெடல் வாங்கின படம்," என்றான் ஃபயாஸ். இப்போது அக்கா என்று கூப்பிட வந்துவிட்டது.

"படம் உன்னோடதுதான். அதுலே அடக்கி வச்ச மூத்திரம் எங்களோடது," என்றேன். அவனிடம் வேலை பார்க்கிற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவனும் எழுந்து வரவில்லை. அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மிணிக்கு இன்னும் சொல்லவில்லை. என்ன முகத்தோடு சொல்ல?

மறுநாள் எங்கள் மாலின் எலக்ட்ரீஷியன் விக்கியிடம் சொல்லி, பாதாளத் தளத்தில் கக்கூஸ் வரிசை நிற்கிற சுவரில் ஆணி அடித்து அதை மாட்டினேன். மூன்று கதவுகள், ஒன்று பூட்டிக் கிடக்கிறது. எப்போதும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். எனக்கு முன்னால் நின்றவள் ரஃபீனா, செருப்புக் கடைப் பெண், இருபத்திரண்டு வயது. படத்தில் மாடிக்கு மாடி இருந்த முறிகளை விரல் வைத்துப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள், தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள்.

"இந்த மால் எங்கே இருக்கு சேச்சி? அங்கே வேலைக்கு ஆள் எடுப்பாங்களா?"

"கட்டலை மோளே."

அவள் குனிந்து மூலையிலிருந்த பெயரைப் படித்தாள். "இந்தப் பேருதானே மேலே வாசல் கல்லுலேயும் இருக்கு? அப்போ அந்தச் சாருக்கு நம்ம கஷ்டம் தெரியாதோ?"

"தெரியும்," என்றேன். "எண்ணி எழுதிக் குடுத்ததே நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. கதவு திறந்தது, வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. என் பத்து நிமிஷத்தில் இன்னும் மூன்று பாக்கி இருந்தது.