தைத் தவணை

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கடைக்குப் போனால் எனக்குப் பின்னால் வந்தவர்களும் சாமான் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், நான் நின்றுகொண்டிருப்பேன். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். வாசிப்பதும் எழுதுவதும் நன்றாகவே வரும். நாலு பேர் முன்னால் வாய் திறப்பதுதான் வராது. அதனால்தான் இதைப் பேசாமல் எழுதுகிறேன்.

ரெட்டியபட்டிக்குக் கிழக்கே எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் காடு இருந்தது. மானாவாரி. ஐப்பசி மழையில் பருத்தி விதைப்போம், ஊடே கொஞ்சம் கம்பும் குதிரைவாலியும் போடுவோம். தவசம் தையில் வீட்டுக்கு வரும், அது வயிற்றுக்கு. பருத்தி வெடிக்க மாசி, பங்குனி ஆகும். எடுத்து முடிக்கச் சித்திரையும் தாண்டும். கையில் காசு என்று ஒன்றைப் பார்ப்பது அப்போதுதான். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி என் உழவு மாடு இரண்டும் ஒரே வாரத்தில் வெக்கை நோயில் செத்தன. அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வேறு ஜோடி வாங்கினேன். மறுவருஷம் மழை இல்லை. அதற்கடுத்த வருஷம் மகள் கல்யாணம். ஒவ்வொரு தடவையும் வட்டியை முதலோடு சேர்த்து அவர் புது நோட்டு எழுதுவார், பழையதை என் கண் முன்னாலேயே கிழித்துப் போடுவார். கிழிக்கிற சத்தம் கேட்கும்போது கடன் தீர்ந்த மாதிரி ஒரு நிமிஷம் இருக்கும். கடைசி நோட்டு எண்ணூற்றுச் சொச்சம். அதற்குக் காட்டையும் அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவர் ஒருநாளும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. போனால் உட்காரச் சொல்வார், காப்பி வாங்கிக் கொடுப்பார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டவுனில் தாலுகா கச்சேரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை ஒரு நாள் வாசித்தேன். கடனில் மூழ்கிய விவசாயிகள் கடன் சமரச போர்டில் மனுப் போடலாம், போர்டு இரண்டு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசிக் கடனைக் குறைத்துத் தவணை போட்டுக் கொடுக்கும் என்று இருந்தது. இரண்டு தடவை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன்.

"மனுவ எழுதிப் போட்டீகளா?"

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்குன்னு சொல்லித்தான் எண்ணூறு ஆச்சு. இப்பவே எழுதுங்க. பேசத்தான் வராது, எழுத வருமில்ல?"

எழுதினேன். மூன்று மாதம் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லித் தபால் வந்தது. நான் தனியாகப் போய்வருவேன் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை, அவளும் வந்தாள். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு உருளையைக் கட்டி அதில் கரியைப் போட்டு எரித்து ஓட்டினார்கள். பந்தல்குடிக்குப் பக்கத்தில் மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். "நாமளே கடங்காரவுக, இதுக்கும் நாமதான் முதுகு குடுக்கணுமா?" என்று அவள் கேட்க, உடன் தள்ளியவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்று இருந்தது.

அவளை வெளியே புளியமரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் போர்டுத் தலைவர், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காவேரிக் கரைப் பக்கம் என்று சேவகன் சொல்லியிருந்தான். மற்ற இருவரும் டவுன்காரர்கள். முதலாளி எனக்கு முன்பே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

தலைவர் நல்ல மனுஷர். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என்னை உட்காரச் சொன்னார். பிள்ளைகள் எத்தனை, மாடு இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "வட்டிக்கு வட்டி போட்டு இந்த மனுஷனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர் பாரும்" என்றார். முதலாளி மறுக்கவே இல்லை. "அய்யா எப்படிச் சொல்றீகளோ அப்படி" என்றார். எண்ணூற்றுச் சொச்சம் ஐந்நூறு ஆயிற்று. ஒரு மூச்சில் முந்நூறு ரூபாய் போய்விட்டது. வருஷம் நூறு வீதம் ஐந்து தவணை. ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதற்கும் காட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். அதையும் தலைவர் எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். கண்ணில் நீர் கட்டிவிட்டது எனக்கு.

"தை அறுவடை முடிஞ்சதும் கட்டிடறீர், என்ன?" என்று கேட்டார்.

நெல் விளைகிற சீமையில் அப்படித்தான். தையில் களம் நிறையும், கடனைக் கட்டலாம். அவருக்கு அது தெரியும், எங்கள் கரிசல் தெரியாது. டவுன்காரர்கள் இருவரும் பருத்தியை மூட்டையாகத்தான் பார்த்திருப்பார்கள். அந்த அறையில் தெரிந்தவர்கள் நானும் முதலாளியும் மட்டும்.

நான் வாயெடுப்பதற்குள் முதலாளி சொன்னார்: "நல்லாக் கட்டிருவாருங்கய்யா. நாணயமான ஆளு. இன்னிக்கு வரைக்கும் எங்கிட்டச் சொன்ன சொல்லு தவறுனதில்ல."

மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சபையில் ஒருவர் என்னை நாணயமானவன் என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. 'தையில காடு பூவும் பிஞ்சுமாத்தான் நிக்குங்கய்யா, சித்திரைன்னு போடுங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு வரைக்கும் வந்து நின்றது.

"இல்லீங்க…" என்றேன்.

"என்ன, இன்னும் குறைக்கணுமா?" என்றார் தலைவர். வேடிக்கையாகத்தான் கேட்டார். டவுன்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

"இல்லீங்கய்யா. சரிங்க" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். முதலாளியும் போட்டார். அடுத்த ஊர்க்காரரைக் கூப்பிட்டார்கள்.

புளியமரத்தடியில் அவள் எழுந்து நின்றாள். முந்நூறு குறைந்ததைச் சொன்னதும் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "என்னைக்குக் கட்டணுமாம்?"

"தையில."

"தையிலயா? தையில காட்டுல என்ன இருக்கு, காயைப் புடுங்கிக் குடுக்கவா?"

அவள் விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். சேவகன் குறுக்கே கையை நீட்டினான். "ஒங்க கேசு முடிஞ்சுபோச்சு தாயி."

"உள்ள இருக்கிற மூணு பேருல ஒருத்தருக்குமாய்யா பருத்திச் செடி தெரியாது?"

"அவுகளுக்கு வேட்டி தெரியும்" என்றான் அவன். நாங்கள் நின்ற நிலையைப் பார்த்தோ என்னவோ, பிறகு குரலை இறக்கி, "குமாஸ்தாவப் பாருங்க" என்றான்.

குமாஸ்தா எங்களைக் காத்திருக்க வைத்துவிட்டுக் கேட்டார். மாத்தலாம், ஆனால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், அவரைச் சம்மதிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

முதலாளி கடைக்குப் போனோம். வழக்கம்போல உட்காரச் சொன்னார், காப்பிக்கு ஆள் அனுப்பினார். என் மனைவிதான் பேசினாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது நாயந்தாம்மா. ஆனா போர்டுல பெரிய மனுசங்க உக்காந்து எழுதுனத நாம மாத்தலாமா? மரியாதையா இருக்காது." பிறகு என்னைப் பார்த்து, "நீரு எதுக்குய்யா கவலப்படுறீரு? தையில பணம் பெரட்ட முடியலைன்னா எங்கிட்ட வாரும். நான் தாரேன். பருத்தியக் கடைக்குப் போட்டுரும். அம்புட்டுத்தானே?" என்றார்.

வெளியே வந்ததும் அவள், "அவுக கடன அடைக்க அவுகளே கடன் குடுக்காகளாம்" என்றாள்.

அந்த வருஷம் நல்ல மழை. தையில் காடு மஞ்சள் பூவாக நின்றது. தவசத்தை விற்றால் ஆறு மாதம் சாப்பாடு இல்லை. விற்றாலும் நூறு தேறாது. வேறு இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். வீரசோழனில் மிளகாய் வியாபாரம் செய்த ஒருவர் என்மேல் பிரியம் உள்ளவர். "அடமானத்துல கெடக்கிற காட்டுப் பருத்திய நம்பி நான் எப்படிங்க குடுக்க?" என்று வருத்தப்பட்டுச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி கடைக்குப் போனேன். இன்னும் வெடிக்காத பருத்திக்குப் பொதி இன்ன விலை என்று அன்றைக்கே பேசி எழுதிக்கொண்டார்கள். சித்திரை விலை அதைவிட எவ்வளவோ கூட இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டியைத் திறந்து பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி என் கையில் கொடுத்தார். நான் அதை மடித்து வைக்கக்கூட இல்லை. அப்படியே அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி மறுபடி எண்ணினார். எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினார், நான் ஏதோ வெளியிலிருந்து கொண்டுவந்த பணம் மாதிரி. பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு முதல் தவணை வரவு என்று ரசீது எழுதிக் கொடுத்தார்.

"பாத்தீரா, சுலபமா முடிஞ்சுபோச்சு" என்றார்.

பங்குனியில் பருத்தி வெடித்து வெள்ளையாக நின்றது. பார்த்தவர்களெல்லாம் உனக்கென்னப்பா என்றார்கள். என் மனைவி நிரை பிடித்து எடுத்துக்கொண்டே போவாள். மடி நிறைந்ததும் வந்து கொட்டிவிட்டு, "இந்தாங்க, ஒங்க மொதலாளி பருத்தி" என்பாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு சொன்னாள். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டேன். பேசின கணக்குக்குக் கொஞ்சம் குறைந்தது, அந்தக் குறையைக் கைமாற்றாக எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் வருஷமும் அப்படியே. அதே பெட்டி, அதே எண்ணிக்கை. இந்தத் தடவை குறை இன்னும் கூட. ரசீது இரண்டு ஆனது. அவற்றைப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். போர்டுக் கணக்கில் ஐந்நூறு முந்நூறாகியிருந்தது. எனக்கென்னவோ நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் இரண்டு மழை பெய்து, விதை முளைத்த பிறகு வானம் மூடிக்கொண்டது. கார்த்திகையில் செடி முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. மார்கழிக் கடைசியில் முதலாளி வில்வண்டி பூட்டி எங்கள் காட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு உள்ளே நடந்தார். ஒரு செடியை வளைத்துப் பூவை எண்ணினார், பிஞ்சை நசுக்கிப் பார்த்தார், மண்ணைக் கிளறி வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். எங்கள் ஊரில் உழுது பிழைக்கிற சம்சாரிகள் பார்ப்பதைப் போலவே பார்த்தார்.

"இது தேறாதுய்யா" என்றார்.

"பாதியாவது தேறும் மொதலாளி" என்றாள் என் மனைவி.

"பாதிக்கு நான் எப்படிம்மா முழுப்பணம் குடுக்க? எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல."

தை பிறந்தது. மாடுகளை விற்கலாம் என்று சந்தைக்கு ஓட்டிப் போனேன். ஊரெல்லாம் மழை இல்லாததால் எல்லாரும் மாட்டை ஓட்டி வந்திருந்தார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை. திரும்ப ஓட்டி வந்தேன். போர்டுக்கு நடந்தேன். தலைவர் மாறிப் போயிருந்தார். குமாஸ்தா காகிதக் கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, தவணை தவறினால் இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை, இனி கோர்ட்டுதான் என்றார். அவரும் கோபமாகச் சொல்லவில்லை.

ஆனி மாதம் ஏலம் நடந்தது. கேட்க வந்தவர் முதலாளி ஒருவர்தான். வேறு யாரும் அவருக்கு எதிராகக் கேட்க மாட்டார்கள். டமாரம் அடித்தவன் எங்கள் ஊர்க்காரன், என் முகத்தைப் பார்க்காமல் அடித்தான்.

ஒரு மாதம் கழித்து அவரே ஆள் அனுப்பினார். வெளியாள் யாருக்கும் கொடுக்க அவருக்கு மனசில்லையாம், விளைச்சலில் அவருக்குப் பங்கு கொடுத்துக் காட்டை நானே வாரத்துக்கு உழுது பயிரிடலாமாம். போக வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். வீட்டில் மாடு நின்றது, ஏர் நின்றது, உழுவதற்குத்தான் காடு இல்லை. மூன்றாம் நாள் போனேன். என் மனைவி வரவில்லை.

உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. விளைச்சலில் பாதிக்குப் பாதி என்று சொன்னார், கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு எப்படியோ வாய் வந்தது.

"எந்த மாசம் கொண்டாந்து போடணும் மொதலாளி?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இது என்னய்யா கேள்வி? சித்திரையிலதான். அதுக்கு முந்திப் பருத்திக்கு எங்க போவீரு?"

கணக்குப்பிள்ளை சித்திரை என்று எழுதினார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"சரிங்க" என்றேன்.