திசைகாட்டி நின்ற இடம்

வீட்டில் அவருக்குப் பேர் திசைகாட்டி. வைத்தவள் பெண்டாட்டி. கல்யாணமான புதிதில் அவளைப் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனவர், யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பெரியப்பா வெளிய போயிருக்காரா?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

கிழக்கு மேற்கு தெரியாத மனிதருக்கு வாட்ச்மேன் வேலை வாய்த்தது புண்ணியம்தான். எங்கும் போக வேண்டாம், நின்றால் போதும். ஒரு தொழிற்சாலை வாசலில் முப்பது வருஷம் நின்றார். உள்ளே கேன்டீன் எந்தப் பக்கம் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஆனால் வருகிறவரை மறித்து, "யாரு? எங்கேர்ந்து? என்ன விஷயம்?" என்று கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

தொழிற்சாலையை மூடிய பிறகு ஒரு வீடியோ கேம் கம்பெனியின் வாசலில் வேலை கிடைத்தது. எல்லாரும் சின்ன வயசுக்காரர்கள். அதில் ஒருத்தி, விளையாட்டுக்குள் இருக்கும் கோட்டை, தெரு, படிக்கட்டு எல்லாம் வரைகிறவள், ஒருநாள் அவரிடம் வந்து நின்றாள்.

"ஐயா, கேமே விளையாடாத ஒருத்தர் வேணும். தினம் மத்தியானம் கொஞ்ச நேரம் வந்து விளையாடுறீங்களா? நீங்க எங்க வழி தெரியாம முழிக்கிறீங்கன்னு நான் பாக்கணும்."

"முழிக்கிறதுக்கு ஆள் வேணும்னா சரியான இடத்துக்குத்தாம்மா வந்திருக்க" என்றார் திசைகாட்டி.

திரையில் அவருக்குக் கிடைத்தவன் ஒரு குண்டன், கையில் பெரிய சுத்தியல். மற்ற நாற்காலிகளில் இருந்த பிள்ளைகள் எதிரணி. இடித்த கோட்டை ஒன்றில் எல்லாரும் ஓடிப் பிடித்து அடித்துக்கொள்ள வேண்டும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். முதல் நாள் முழுக்கக் குண்டன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நடந்தான்.

இரண்டொரு நாளில் திசைகாட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். நீலத் தூணுக்குப் பின்னால் தரையில் ஒரு வெளிச்ச வட்டம். அடிபட்டுச் செத்த எதிராளிகள் அந்த வட்டத்தில்தான் மறுபடி முளைக்கிறார்கள். இனி எதற்கு அலைய வேண்டும்? குண்டனைக் கொண்டுபோய் வட்டத்தின் ஓரத்தில் நிறுத்தினார். முளைத்தவன் தலையில் ஒரு போடு. மறுபடி வந்தான், மறுபடி ஒரு போடு. அன்றைக்கு ஜெயித்தவர் அவர்தான். வீட்டுக்குப் போய் மார்தட்டிக்கொண்டார்.

"வாசல்ல நின்னு வர்றவங்களை அடிச்சீங்களாக்கும். அதைத்தானே இங்கயும் பண்றீங்க" என்றாள் பெண்டாட்டி.

அவள் சொன்னது மகளைப் பற்றி. மருந்துக் கடையில் நிலையான வேலையை உதறிவிட்டு, வேறு ஊரில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள் ஒரே மகள். போகும்போது அப்பாவுக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை. அதன்பின் இரண்டு முறை வந்தாள். முதல் முறை, காலில் செருப்போடு நின்றவளிடம், "எத்தனை நாளைக்கு அந்த வேலை? அப்புறம் என்ன பண்ணுவ?" என்று ஆரம்பித்தார். அடுத்த முறை, "இப்படி இளைச்சுட்டியே, நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" ஒரு செருப்பைக் கழற்றியிருந்தவள் அதை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

சத்தியமாக அவர் கேட்க நினைத்தது அதையல்ல. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்கத்தான் காலையிலிருந்து வாசலில் நின்றார். ஆனால் ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? வாசலில் ஆள் வந்ததும் வாய் தன் உத்தியோகத்தைப் பார்த்துவிட்டது.

மறுநாள் கம்பெனியில் பிள்ளைகளுக்கும் கோபம். "ஐயா, வந்து நிக்கவே விட மாட்டேங்கறீங்க" என்று ஒருவன் எழுந்தே போய்விட்டான்.

திசைகாட்டிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "செத்தவன்தான் மறுபடி வந்துடறானேம்மா. இன்னொரு அடி வாங்கினா என்ன குறைஞ்சு போச்சு?"

"திரும்பி வர்றதுலதான்யா கேமே இருக்கு" என்றாள் வரைகிறவள். "வந்த உடனே அடி விழுந்தா ஒரு தடவை பாப்பாங்க, ரெண்டு தடவை பாப்பாங்க. அப்புறம் மூடி வெச்சுட்டுப் போயிடுவாங்க. வரவே மாட்டாங்க."

கழற்றிய செருப்பை மகள் மறுபடி மாட்டிக்கொண்டது அவர் நினைவுக்கு வந்தது.

"ஆமா, நீங்க ஏன் அங்கயே நின்னீங்க?" என்று கேட்டாள் வரைகிறவள்.

"எனக்கு வேற இடம் தெரியாதும்மா" என்றார். "அங்க நின்னா யாராவது கண்டிப்பா வருவாங்கல்ல."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் விளையாட்டை மாற்றியிருந்தாள். திரும்பி வருகிறவன் கொஞ்ச நேரம் மினுக்மினுக்கென்று மின்னினான். மின்னும்வரை சுத்தியல் அவன் மேல் படாமல் காற்றில் போனது. திசைகாட்டி ஓங்கி ஓங்கிப் பார்த்தார். வந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான், எந்தப் பக்கம் போவது என்று யோசித்தான், அப்புறம் போனான்.

"எவ்வளவு நேரம்மா மின்னுவான்?"

"மூணு செகண்ட்."

"மனுஷங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"தெரியலையேய்யா" என்றாள்.

அந்த வாரமே மகள் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். அவள் துணிமணி, சர்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறாளாம். இதைச் சொல்லும்போது பெண்டாட்டிக்குக் குரல் உடைந்தது. இனி வருவதற்கு அவளுக்கு இங்கே ஒன்றும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை திசைகாட்டி வாசல் பக்கமே போகவில்லை. வாசலில் இல்லாவிட்டால் எங்கே இருப்பது? சமையலறையில் நின்றார், இடைஞ்சல் என்று விரட்டப்பட்டார். கட்டிலில் உட்கார்ந்தார், இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் துணி உலர்த்திப் பார்க்காத பெண்டாட்டி வாயைப் பிளந்து நின்றாள்.

சட்டையைக் காலரில் தொங்கவிடுவதா, வாலில் தொங்கவிடுவதா என்பதே குழப்பம். அதற்குள் கீழே கதவு திறக்கும் சத்தம். இரண்டு செருப்பும் விழும் சத்தம். அவர் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றார். எத்தனை நேரம் பொறுப்பது? விளையாட்டில் மின்னுவது நின்றால் தெரியும். பெற்ற பெண் விஷயத்தில் அதை எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது இறங்கினால் அவசரமா, இறங்காவிட்டால் அலட்சியமா? பீரோ திறக்கிற கிரீச் கேட்டது. எடுத்து வைக்கிறாள். போகப்போகிறாள். நான் செய்தது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா?

அப்போது கீழேயிருந்து அவள் குரல்.

"அப்பா எங்கம்மா?"

இந்தக் கேள்வி இதுவரை அவர் காதில் விழுந்ததே இல்லை. எப்போதும் வாசலிலேயே நின்றவரை யார் தேடப் போகிறார்கள்? படியில் கால் சத்தம் ஏறி வந்தது. வாயில் கிளிப்போடு, கையில் ஈரப் போர்வையோடு அவர் திரும்பினார்.

மகள் மூச்சு வாங்க நின்றாள். "வாசல்ல உங்களைக் காணோம். பயந்துட்டேன்" என்றாள்.

அப்படியானால் வாசலில் நிற்க வேண்டுமா, வேண்டாமா? அவருக்கு இப்போது ஒன்றுமே விளங்கவில்லை. கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். இரண்டு முறை கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான் கைவசம் இருந்தது.

"பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதாம்மா?"

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிடைக்கலப்பா" என்றாள். "வழி பூரா நின்னுக்கிட்டேதான் வந்தேன்."