கேட்காமல் பிடித்த கை

என் மருமகள் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் நர்ஸ் வேலைக்குப் படித்தாள். மனிதர்களுக்கு நர்ஸாகப் போகக் கூடாதா என்று எங்கள் விவேக் நகர் சந்தில் கேட்காத ஆள் இல்லை. நானும் ஒரு தடவை கேட்டேன். "மனுசங்க ஆஸ்பத்திரிக்குள்ள என்னால கால் வைக்க முடியாது, அத்தை" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பதில் நாங்கள் இரண்டு பேருமே கெட்டிக்காரிகள். என் மகன் கொரோனாவில் போனான். ஆம்புலன்ஸில் அவனே நடந்துபோய்த்தான் ஏறினான். ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள். கடைசியில் பிளாஸ்டிக்கில் சுற்றி நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முகத்தைக் காட்டவில்லை. அதைப் பற்றி அவள் என்னிடமும் நான் அவளிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அழ வேண்டுமென்றால் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவேன். இன்னொருவர் எதிரில் அழுது எனக்குப் பழக்கமில்லை. என் புருஷன் செத்த அன்றைக்கு, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தவள் நான்.

வீட்டில் மூன்றாவது ஆளாக நாய் இருந்தது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை மகன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். தெரு நாய்தான். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியே இருக்கும். மகன் அதைத் தம்பி என்று கூப்பிட்டான். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன், சின்ன வயதில் தம்பி வேண்டும் தம்பி வேண்டும் என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தவன். அவன் போன பிறகு நாங்களும் அதைத் தம்பி என்றே கூப்பிட்டோம்.

ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் மருமகளுக்கு பில் எழுதும் வேலை கிடைத்தது. மிருகங்கள் அவளிடம் பயப்படாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த டாக்டர்தான் அவளைப் படிக்கச் சொன்னார். படித்து சர்டிபிகேட் வாங்கினால் நர்ஸாகவே வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அந்தப் படிப்பில் புத்தகம் கொஞ்சம்தான். கைவேலைதான் அதிகம். ஒவ்வொரு வேலையையும் செய்யும்போது வாயால் விளக்கிச் சொல்ல வேண்டும், அதைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எங்கேயோ உட்கார்ந்து பார்க்கிறவர்கள் 'சரி' என்றோ 'மறுபடி செய்' என்றோ எழுதி அனுப்புவார்கள். சரி என்றால் போனில் பச்சையாக ஒரு அடையாளம் வரும்.

சின்ன வேலைகளை வீட்டிலேயே தம்பியை வைத்துச் செய்தாள். மூச்சு எண்ணுவது, ஈறை விரலால் அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பது, காலில் கட்டுப் போடுவது. போனைப் பிடித்தது நான். முதல் படம் முழுக்க என் கட்டைவிரல்தான் தெரிந்தது. இரண்டாவது படத்தில் நாய்க்குத் தலையே இல்லை. மூன்றாவது நன்றாக வந்திருந்தது. ஆனால் தம்பி, என் குரல் காதில் விழுந்தால்தான் அடங்கி நிற்பான். அதனால் நான் பேசிக்கொண்டே பிடித்திருந்தேன். 'பின்னால் பேசும் பெண்மணி யார்? அமைதியாக இருக்கச் சொல்லவும்' என்று எழுதி வந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டில் என் நாயிடம் பேச யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க எனக்குச் சொல்லிக் குடுக்குறீங்கன்னு நெனச்சிக்குவாங்க, அத்தை."

"சும்மா இருடா தம்பின்றது உங்க பாடத்துல வருதா?"

சிரித்துவிட்டாள். என் மகன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய பெரிய வேலைகளும் ஒவ்வொன்றாகப் பச்சை ஆயின. ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது. என்ன அது என்று கேட்டேன். சொல்ல மனசில்லாமல்தான் சொன்னாள். பிழைக்காத மிருகத்துக்குக் கடைசி ஊசி போடும்போது அதை வளர்த்தவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கூட இருப்பது என்பதும் நர்ஸ் வேலையில் சேர்த்தியாம். அதையும் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். அந்த நேரத்தில் எவர் படம் பிடிக்க விடுவார்கள்? டாக்டர் கேட்ட ஒவ்வொருவரும் வேண்டாம் என்றார்கள். ஒரு பெரிய மனிதர் போனையே தட்டிவிட்டாராம். அதோடு யாரிடமும் கேட்க வேண்டாம் என்று இவளே டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

"அவங்கமேல தப்பில்ல, அத்தை. நானா இருந்தாலும் விட மாட்டேன்."

படிப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தச் சிவப்பு பச்சையாகாவிட்டால் சர்டிபிகேட் இல்லை. மறுபடியும் பில் எழுத வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் தம்பி படுத்தான். கிட்னி போய்விட்டது என்றார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய் ட்ரிப்ஸ் ஏற்றிக் கொண்டுவருவாள். இரண்டு நாள் எழுந்து நடப்பான், மறுபடி படுத்துவிடுவான். கோழிச் சாறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயெல்லாம் புண். தொட்டால் முனகினான், நான் எங்கே தொட்டாலும் விட்டவன். ஒரு சாயங்காலம் அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். டாக்டர் நாளைக்குக் காலையில் கூட்டிவரச் சொல்லிவிட்டார், இனிமேல் வைத்திருப்பது பாவம் என்கிறார் என்றாள். பாக்கி நின்ற சிவப்பைப் பற்றி அவளாகச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"போனைச் சார்ஜுல போடு" என்றேன்.

"எதுக்கு?"

"அந்த ஒண்ணு பாக்கி நிக்குதில்ல? நாயை வளத்தவ நான்தானே. நான் படம் புடிக்க விடுறேன்."

"வேண்டாம், அத்தை."

"அவன் போறது போறதுதான். உனக்காவது ஆகட்டும்."

அவள் சமையலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது.

காலையில் ஆட்டோ ஏறும்போது எதிர்வீட்டு அம்மாள், பரீட்சைக்காக நாங்கள் நாயைச் சாகக் கொடுக்கிறோம் என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பி நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டாள். ஆனால் ரிச்சர்ட்ஸ் டவுன் போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சு என்னோடுதான் வந்தது.

டாக்டர் கன்னடக்காரர், சின்ன வயது. மாமியாரும் மருமகளுமாக இருந்தால் படம் பார்க்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று நானே கேட்டேன். வளர்த்தவராக இருந்தால் போதும், சீட்டு உங்கள் பெயரில்தானே இருக்கிறது, நானும் உறவைச் சேர்த்தே எழுதி அனுப்புகிறேன் என்றார். எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் கையைக் காட்டுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றார். போனை அலமாரியில் சாய்த்து வைத்தார்கள். கோயிலுக்குக் கட்டும் நீலக் கரைச் சேலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் திரும்புகிற மாதிரி இங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டால் இவளுக்குச் சர்டிபிகேட் போய்விடும், கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தேன்.

அவள் கை கழுவிக்கொண்டு வந்தாள். நின்றுகொண்டு பேசாமல், முக்காலியை இழுத்துப் போட்டு என் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"அம்மா" என்றாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. அத்தை என்று கேட்டே பழகிய காது. அவள் நிதானமாகச் சொன்னாள். முதலில் மயங்குவதற்கு ஒரு மருந்து, அது வலிக்காது. பிறகு இரண்டாவது. கண் மூடாமல் இருக்கலாம், அது நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தமில்லை. கடைசியாக ஒரு பெருமூச்சு வரலாம், அப்போது உயிர் இருக்காது, பயப்பட வேண்டாம். எத்தனை நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தாளோ, ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு கேட்டாள்.

"நீங்க இவன் பக்கத்துல இருக்கீங்களா, இல்ல வெளிய இருக்கீங்களாம்மா? எது செஞ்சாலும் தப்பில்ல."

சுலபமான கேள்விதான். இருக்கிறேன் என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்லாமல், பக்கத்தில் கிடந்த தம்பியின் முதுகில் ஒரு கையை வைத்தேன். ஆஸ்பத்திரி கேட்டில் நின்றபோது இந்தக் கேள்வியை எங்களிடம் யாராவது கேட்பார்களா என்றுதானே காவல்காரன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். போன் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. கேள்வியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. வீட்டில் என்றால் இதற்குள் எழுந்து போயிருப்பாள். என் முகத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நானும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"அன்னிக்கு யாரும் கேக்கலியே" என்றேன். "உன்னையும் விடல, என்னையும் விடல."

அவள் பாடத்தில் இதற்குப் பதில் இருந்திருக்காது. எட்டி என் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிச் சோப்பில் கழுவிய கை, சில்லென்று இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ள இருந்த கையை அவள் பிடித்திருந்ததால் அது பாட்டுக்கு வழிந்தது.

"இருக்கேன்" என்றேன்.

தம்பியைத் துணியில் படுக்கவைத்திருந்தார்கள். என் மற்றக் கையின் மணிக்கட்டில் தாடையை வைத்துக்கொண்டான். அவன் காதில், சும்மா இருடா தம்பி, சும்மா இருடா தம்பி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு யாரும் என்னை அமைதியாக இருக்கச் சொல்லவில்லை. டாக்டர் ஊசி போட்டார். தாடை கனத்தது. அவள் சொன்ன பெருமூச்சு வரவில்லை. கண் மட்டும் அவள் சொன்ன மாதிரியே திறந்திருந்தது. டாக்டர் காதில் மாட்டிய குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, முடிந்துவிட்டது என்று கன்னடத்தில், "ஆயிது அம்மா" என்றார்.

அவள் வேலை இன்னும் முடியவில்லை. மடங்கிய காதைச் சரி செய்வது போலத் தடவிக் கொடுத்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இவனோடு இருக்கலாம் என்றாள். பிறகு, எல்லோரிடமும் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"வீட்டுக்குப் போக உங்ககூட யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"நீதான் இருக்கே" என்றேன்.

"அத்தை" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. முக்காலியிலேயே குனிந்து என் மடியில் முகத்தை வைத்துவிட்டாள். டாக்டர் போய்ப் போனை நிறுத்தினார்.

அதை அனுப்ப வேண்டாம் என்று அவள் டாக்டரிடம் சொன்னாள், கடைசியில் தானே அழுது கெடுத்துவிட்டாளாம். நான் விடவில்லை. ஊர்ப் பேச்சையும் கேட்டுக்கொண்டு ஊரார் பார்க்க அழுதது சும்மா போகவா என்று சத்தம் போட்டேன். அனுப்பினார்கள்.

தம்பி படுத்திருந்த கோணிச்சாக்கை இரண்டு பேருமே எடுக்காமல் விட்டிருந்தோம். அதன்மேல் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தோம். அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாள் அவள் போன் சத்தம் போட்டது. பச்சை வந்திருந்தது. ஆனால் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் அவளையே சொல்லச் சொன்னேன்.

நன்றாகச் செய்திருக்கிறாளாம். காத்திருந்தது நல்லதாம். ஒன்றே ஒன்றுதான் குறை, வளர்த்தவரின் கையைப் பிடிக்குமுன் அவரைக் கேட்டிருக்க வேண்டுமாம்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவை கேட்டுட்டுப் பிடிக்கிறேன், அத்தை" என்றாள்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றேன்.